மேல் அணைக்காரர், கீழ் அணைக்காரி

அந்த ஆற்றில் இரண்டு அணைகள். மேலே இருப்பது ஊர் உலகமெல்லாம் அறிந்த பெரிய அணை. பூங்கா, லிஃப்ட், படம் எடுக்க வரும் கூட்டம். பொத்தானை அழுத்தினால் போதும், கதவு தானே ஏறும். அங்கே வேலை பார்ப்பவர் கணவர். கீழே இருப்பது ஐந்தே ஷட்டர் கொண்ட சின்ன அணை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கே அதன் பெயர் தெரியாது. அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றி ஷட்டரைத் தூக்குகிறவள் மனைவி.

இருவருக்கும் வாரக்கணக்காகப் பேச்சில்லை. நாத்தனார் வீட்டு விருந்தில், "இவளோடது அணையா? குளிக்கிற தொட்டி!" என்று அவர் சொல்ல, வீடே சிரித்தது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அவரும் ரோஷத்தில் பெரிய அணைக் குடியிருப்பிலேயே தங்கிவிட்டார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் நெஞ்சு எகிறும். பால்காரராக இருக்கும்.

இன்று விடாத மழை. மேலே தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. கீழ் அணை அறையில் அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"அது நல்லாத்தாம்மா இருக்கு. அடிச்சா கேக்கும்" என்றார் காவலாளி.

அடித்தது.

"பெரிய அணையிலேருந்து பேசறோம், மேடம். தண்ணி திறக்கப் போறோம். உங்க ஷட்டரெல்லாம் தூக்கியாச்சா?"

மேடமாம்! கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது?

நாலு ஏறியிருந்தது. ஐந்தாவதில் மரத்துண்டு சிக்கி, சக்கரம் அசைய மறுத்தது. தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். யாரிடம்? தொட்டி என்று சிரித்தவரிடம்! நாக்கு எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கரையை ஒட்டி வரிசையாக வீடுகள். ஒரு கூரையில் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு சிக்கிக்கிச்சுங்க..." என்றாள். "உங்க அணை தாங்கும். இது தாங்காது. கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இரு. இன்ஜினியரைக் கேக்கறேன்."

இரு! மேடம் போன இடம் தெரியவில்லை. ரிசீவரைப் பிடித்தபடி அவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"அரை மணி நேரம் தர்றாராம். சண்டை போட்டு வாங்கியிருக்கேன். ஓடு!"

ஓடினாள். காவலாளி கடப்பாரையால் நெம்ப, அவள் சக்கரத்தில் தொங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மரம் சட்டென்று விலக, ஷட்டர் முனகிக்கொண்டே ஏறியது.

"ஏறிடுச்சுங்க!" என்று தொலைபேசியில் கத்தினாள்.

"அப்பாடா!" அவர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு தயங்கித் தயங்கி, "அன்னிக்கு எல்லார் எதிர்லயும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஷிஃப்ட் முடிஞ்சதும்... வரட்டுமா?"

கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

"மொதல்ல தண்ணிய அனுப்புங்க" என்றாள். "பின்னாடியே நீங்களும் வாங்க."