முகர்ந்து பார்த்து வாங்கிய கிழங்கு

மெஸ் நடத்துகிறவளுக்குக் கை முறிந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம். நாக்கு செத்துப்போனால் வெளியே சொல்லக்கூட முடியாது. என்னைப் போல அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிற சக பாவிகளுக்கு இது சொல்லாமலே புரியும்.

சேப்பங்கிழங்கு வறுவல்

கூடுவாஞ்சேரியில் என் மெஸ். பெயருக்குத்தான் மெஸ்; சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குத் தினமும் மதியம் அறுபது சாப்பாடு அனுப்புகிறேன், அவ்வளவுதான். அந்த அறுபது நின்றால் அடுப்பும் நின்றுவிடும். போன மழைக்காலத்தில் ஒரு ஜுரம் வந்து, பத்து நாள் படுக்கவைத்துவிட்டுப் போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீராக இருந்தது. எலுமிச்சை ஈரமாக இருந்தது. மிளகாய்கூட வெறும் சூடாகத்தான் தெரிந்தது.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் சமைக்க இறங்கினேன். சேப்பங்கிழங்கை வேகவைக்கும்போது உப்புப் போட்டது நினைவில்லை. வறுக்கும்போது வாயில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு கை அள்ளிப் போட்டேன். கம்பெனியில் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிற பிரபு மதியமே போன் செய்தார். "இன்னாக்கா, கிழங்க மகாபலிபுரம் கடல்ல அலசிக்கினு வந்துட்டியா?"

கடன் வாங்கிய நாக்கு

டாக்டர், நரம்பு சம்பந்தப்பட்டது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். எனக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிற தெய்வானையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு என் வயதுதான். கல்யாணமான புதிதில் படாளம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவள், இப்போது பதினொரு வருஷமாக என்னோடு இருக்கிறாள். மரவள்ளிப் பொரியலோ சிறுகிழங்குக் குழம்போ, இறக்குவதற்கு முன் அவள் ஒரு வாய் போட்டுக்கொள்வாள். தலையை ஆட்டினால் சரி. ஒரு விரல் காட்டினால் உப்பு, இரண்டு விரல் என்றால் புளி.

இப்படியே மார்கழி முழுக்க ஓட்டினோம். ஒருநாள் தாங்க முடியாமல் கரண்டியும் கையுமாக அழுதேன். யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்னடி செய்வது என்றேன். அவள் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "உன் நாக்குக்கும் சேத்து நான் துன்றேன். நீ வாய மூடிக்கினு கிண்டு."

சந்தையில் என் மரியாதை

செங்கல்பட்டு சந்தையில் என் மூக்குக்கு ஒரு பெயர் உண்டு. கருணைக்கிழங்கைத் தோண்டியவுடன் சமைக்கக் கூடாது. ஒரு மாதமாவது நிழலில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையைப் பிய்த்துவிடும். புதிதாகத் தோண்டியதில் ஒரு பச்சை வாடை இருக்கும். நான் முகர்ந்தே சொல்லிவிடுவேன், எப்போது தோண்டியது என்று கேட்க மாட்டேன்.

மூக்கு போன பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. விட்டால் சந்தேகம் வருமே! கிழங்கை எடுப்பேன், மூக்கருகே வைப்பேன், கண்ணை மூடுவேன், தலையாட்டுவேன். படாளத்திலிருந்து கிழங்கு கொண்டுவரும் ஏழுமலை, பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். "ஸ்டெல்லாக்கா மோந்து பாத்துட்டா அப்பால பேச்சே கெடையாது."

தை கிருத்திகை

பொங்கல் முடிந்ததும் பிரபு, அந்த அறுபது சாப்பாட்டை ஒரு பெரிய கேட்டரிங்காரர் தனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். மேலதிகாரி ஒருவர் வியாழக்கிழமை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வாராம். என் கருணைக்கிழங்கு மசியலுக்கு அங்கே ரசிகர்கள் உண்டு, அதையே வைத்துவிடலாம் என்று, ஏழுமலையிடம் வழக்கம்போல முகர்ந்து கிழங்கு வாங்கி வந்தேன். அந்த வியாழன் கிருத்திகையாக வந்து வாய்த்தது. தெய்வானைக்கு விரதம், சாயந்திரம் வரை பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. நானும் வற்புறுத்தவில்லை. பழக்கமான கை, அளவு பிசகாது என்ற திமிர்.

அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைத்து, புளி தாராளமாக விட்டு மசித்து, ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நாக்கு நுனியில் ஏதோ குறுகுறுத்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாக நாக்கில் சூட்டைத் தவிர ஏதோ தெரிந்தது! ருசி திரும்பிவிட்டது, புளிதான் முதலில் வருகிறது என்று நினைத்தேன். தெய்வானையைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கேரியரெல்லாம் வேனில் ஏறிப் போனது. அதற்கப்புறம்தான் குறுகுறுப்பு தொண்டைக்கு இறங்கி, அரிப்பாக மாறியது.

போன் கையில்தான் இருந்தது. வேன் கேளம்பாக்கம் தாண்டியிருக்காது. பரிமாறாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அனுப்புமுன் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம்தானே அரிக்கிறது, அவர்களுக்குத் தயிரில் அடங்கிவிடும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியில் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; நல்லவேளை, மாலையில் வீடு திரும்பிவிட்டாள். போனில் பிரபு கத்தவில்லை. "எல்லாரும் தொண்டையப் புட்ச்சிக்கினு நிக்கிறாங்கக்கா. நீ வாயில வெச்சிப் பாத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

ஏழுமலையிடம் போட்ட சண்டை

அறுபது சாப்பாடும் அன்றோடு நின்றது. அடுத்த சந்தையன்று, ஏழுமலையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று போனேன். தோல் சுருங்கி, பழசு போலத்தானே இருந்தது? புதுக்கிழங்கைப் பழசென்று என் தலையில் கட்டலாமா என்று நடுச்சந்தையில் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். "வயல்ல தண்ணி நின்னுச்சிக்கா. அழுவுறதுக்குள்ள தோண்டி, ரெண்டு நாள் வெயில்ல போட்டு எட்த்தாந்தேன். புதுசு, ஒரு மாசம் வெச்சி ஆக்குன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ மோந்து பாத்துத் தலையாட்டிட்ட. உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப் போவுதுன்னு உட்டுட்டேன்."

இப்போது எட்டுப் பேருக்குத்தான் சமைக்கிறேன், சந்தையில் கிழங்கை எடுத்ததும் "எப்போ தோண்டினது?" என்று கேட்கிறேன், அதைக் கேட்க மூக்கும் வேண்டாம், ருசி தெரிகிற நாக்கும் வேண்டாம் என்பது அறுபது தொண்டைகளை அரிக்கவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.