கதிர் சேர் சொன்ன உதாரணம்

வெள்ளவத்தையில் கதிர்காமநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கதிர் சேர் என்றால் ஓட்டோக்காரனும் வழி காட்டுவான். வெளிநாட்டுக் கனவோடு இங்கிலிஷ் படிக்க வருகிறவர்களுக்கு அவருடைய வீட்டு முன்னறையில்தான் வகுப்பு. புத்தகத்து உதாரணங்கள் மனிதருக்குப் பிடிக்காது. சோறு குழைந்துபோனால் அதுவே அன்றைய பாடம். மனைவி துஷ்யந்தி குசினியிலிருந்து முறைத்தாலும் அடங்கமாட்டார்.

அவள் நோயில் படுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. துஷ்யந்தி சாப்பிடுவாள், எழும்பி நடப்பாள் என்று கிழமைக்குக் கிழமை "ஹோப்" என்ற இங்கிலிஷ் சொல்லைப் போட்டுப் பலகையில் எழுதுவார். திரைச்சீலைக்கு அப்பால் கட்டிலில் கிடந்தபடி அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று காலை களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். இது துஷ்யந்தியின் காதில் விழவே கூடாது என்று முடிவெடுத்தவர், ரிப்போர்ட் நல்லம் என்று கூசாமல் பொய் சொன்னார். வகுப்பை நிறுத்தினால் சந்தேகப்படுவாளென்று பின்னேரம் வகுப்பும் வைத்தார். வைத்திருக்கவே கூடாது.

"ஹோப்"புக்கும் "விஷ்"ஷுக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் ஆசைதானே என்று மாணவி ரிஸ்லா கேட்டாள். நடக்கக்கூடியதற்கு ஹோப், நடக்காதென்று தெரிந்தும் மனம் கேளாமல் ஆசைப்பட்டால் விஷ் என்றார். உதாரணம் கேட்டாள். அவருடைய வாய் பழக்கதோஷத்தில் வீட்டுக்குள்ளேயே போனது. துஷ்யந்திக்குச் சுகம் வரவேண்டும் என்பதை உரத்த குரலில், விஷ் போட்டுச் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவருக்கு உறைத்தது. மாற்றிச் சொல்வதற்குள் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கடைசிப் பிள்ளையும் போகும்வரை திரைச்சீலைப் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே போனபோது துஷ்யந்தி விழித்தபடிதான் கிடந்தாள்.

"இஞ்சாருங்கோ, போன கிழமையும் ஹோப் எண்டுதானே சொன்னனீங்கள்?"

வாய் தவறிவிட்டது என்று சமாளித்திருக்கலாம். பாடத்தில் அவர் பிழை விடுகிறவரில்லை என்பது அவளுக்குத் தெரியாததா?

"ஓம்," என்றார்.

"எனக்கெல்லோ முதல்ல சொல்லியிருக்கோணும்," என்று சொல்லிவிட்டு, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.