கோட்டை ரயில் நிலையத்தில் கை நீட்டியவர்

மாமி கனடாவுக்குப் போன கதை புங்குடுதீவில் அப்பா சொல்லும் விதத்தில்தான் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு கள்ளன் வருவான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் ஓரங்குலம் வளர்வான். கடைசியாக நான் கேட்டபோது அவனுடைய இடுப்பில் ஒரு கத்தியும் இருந்தது. அந்தக் கதையில் நான் பத்து வயதுக் கெட்டிக்காரி. கதை முழுக்கப் பொய். அந்தப் பொய்யை அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. கனடாவில் இருந்து வந்தவரோடு பதிவாளரிடம் கலியாண எழுத்து எழுதி நாலு வருடம் ஆகியிருந்தது. எழுதிய மூன்றாம் கிழமை அவர் திரும்பிப் போய்விட்டார். மாமியின் விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னும் சரிவரேல்லையோ" என்று கேட்டுக் கேட்டே மாமி கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். மூன்றாம் தடவை விசா வந்தபோது அவர் சிரிக்கவில்லை. பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைக்குள் குத்திக்கொண்டு திரிந்தார்.

அப்பா தென்பகுதிப் பட்டணம் ஒன்றில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த இருபது வருடத்தில் அவர் படித்த முக்கியமான பாடம், பிரயாணத்தில் பெட்டி களவு போகும் என்பது. கொழும்பில் இருந்து விமான நிலையத்துக்கு வான் பிடிக்கலாம் என்று அம்மா சொன்னதற்கு, "வான் வழியிலை நிண்டுதெண்டா பிளேன் எங்களுக்காக நிக்குமே? ரெயின்தான் நம்பிக்கை" என்றார். ஆனால் ரயிலில் ஏறுகிறவர்களை அவர் நம்பவில்லை. யன்னலோரம் பை வைக்கக்கூடாது, வண்டி வெளிக்கிடும் நேரம் வெளியிலிருந்து கை வரும். பெட்டியைத் தலைக்கு நேர்மேல் தட்டில் வைக்கக்கூடாது, எதிர்த் தட்டில் வைத்தால்தான் கண்ணில் படும். உதவிக்கு வருகிறவனிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

போவதற்கு முதல் நாள் முற்றத்தில் ஒத்திகை நடந்தது. நாலு கதிரை ரயில் பெட்டி, குசினிக்குள் கிடந்த வாங்குப் பலகை ரயில் வாசல். முதலில் அப்பா பெரிய சூட்கேசோடு இறங்குவார், நடுவில் நான், கடைசியில் மற்றச் சூட்கேசோடு மாமி. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அப்பா சிரிக்கவில்லை.

பாஸ்போட்டும் டிக்கெட்டும் இருந்த பை என்னிடம்தான். அதுவும் அப்பாவின் மூளை. சின்னப் பிள்ளையின் கையில் இருக்கும் பழைய துணிக்கடைப் பையை எந்தக் கள்ளன் பார்க்கப்போகிறான்? மேலே என் சட்டையும் ஒரு பணிஸ் பக்கெற்றும், அடியில் மாமியின் நாலு வருடம்.

"உயிர் போனாலும் பையை ஒருத்தரிட்டையும் குடுக்கப்படாது. ஏலாதெண்டா இப்பவே சொல்லு, வீட்டிலை நில்" என்றார் அப்பா.

"ஏலும்" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை ஒரு பிரச்சினையும் இல்லை. தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை வெள்ளவத்தையில் கோட்டைக்கு ரயில் ஏறினோம். கோட்டையில் இறங்கி விமான நிலையப் பக்கம் போகும் ரயிலுக்கு மாறவேண்டும். வேலைக்குப் போகிற நேரம். அப்படி ஒரு சனத்தை நான் நல்லூர்த் தேரில்தான் கண்டிருக்கிறேன். எதிர்த் தட்டுமில்லை, யன்னலோரமுமில்லை. அப்பா படிப்பித்த ஒன்றுக்கும் அங்கே இடமில்லை.

கோட்டை வந்தது. அப்பா முதலில் இறங்கினார், சனம் அவரை அள்ளிக்கொண்டு போனது. நான் வாசலுக்கு வந்து பார்த்தால், மேடை எங்கேயோ கீழே கிடக்கிறது. கம்பியைப் பிடித்தால்தான் இறங்கலாம். கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கையில் பை. கீழே நிற்பவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பின்னால் மாமி.

அப்போது கீழே இருந்து ஒருவர் கையை நீட்டினார். "பையக் குடு பாப்பா, புடிச்சுகிட்டு எறங்கு."

கொடுத்தேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், நான் எங்கள் ஊர்த் துறையான குறிகட்டுவானில் படகு ஏறி வளர்ந்தவள். நெடுந்தீவில் அம்மாவின் தமையன் வீடு. மாதத்தில் ஒரு தரமாவது போவோம். படகு இறங்குதுறையில் இடித்து ஆடிக்கொண்டு நிற்கும். முதலில் சாமான் போகும், பிறகுதான் ஆட்கள். யாராவது கை நீட்டினால் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். மூட்டை, கோழி, கைப்பிள்ளை எல்லாம் அப்படித்தான் கைமாறி உள்ளே போகும். ஒருவருக்கும் ஒன்றும் தொலைந்ததில்லை. முற்றத்து ஒத்திகை ஒரு நாள், குறிகட்டுவான் பத்து வருடம். எது வெல்லும்?

நான் இறங்குவதற்குள் ஏறுகிற சனம் அந்த மனிதரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் என் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இங்க இருக்கேன்" என்று கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் கண்டது, ஒரு அந்நியனின் கையில் பை தூரப் போவதை. சிங்களத்தில் "கள்ளன், கள்ளன்" என்று கத்தினார்.

நாலைந்து பேர் பாய்ந்து பிடித்தார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். அந்த மனிதரின் மற்றக் கையில் இருந்த மஞ்சள் சொப்பிங் பை விழுந்து, மத்தியானச் சோறு மேடையெல்லாம் சிதறியது. அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "சார், பாப்பாகிட்ட கேளுங்க. அதுதான் குடுத்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ குடுத்தனியோ?" என்று அப்பா கேட்டார்.

உயிர் போனாலும் கொடுக்கக்கூடாத பை. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அப்பா மாமியிடம் திரும்பினார். "நீ கண்டனியோ?"

"சனத்துக்கை எனக்கு ஒண்டும் தெரியேல்லை அண்ணை. ரெயின் வரப்போகுது, வாங்கோ."

அந்த மனிதரைச் சட்டைக் கழுத்தில் பிடித்து எங்கேயோ கூட்டிக்கொண்டு போனார்கள். முறைப்பாடு கொடுக்க வரச் சொல்லி ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டார். பை கிடைத்தது போதும், எங்களுக்கு நேரமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அதைப் பெரிய மனது என்றுதான் அவர் இன்றுவரை நினைக்கிறார். போகும்போது அந்த மனிதர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் திரும்பவும் தலையை ஆட்டுவேனோ, இந்தத் தரம் ஓம் என்று ஆட்டுவேனோ என்று எதிர்பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று வேலைக்குப் போனாரா, வேலை இருந்ததா, வீட்டில் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. இப்போது நான் கொழும்பில்தான் வேலை செய்கிறேன். கிழமையில் ஐந்து நாள் கோட்டையில் இறங்குகிறேன். முகம் மறந்துவிட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க யாராவது சோற்றுப் பையோடு எதிரில் வந்தால் எனக்கு வெட்கத்தில் தலை குனிந்துபோகிறது. அப்பாவிடம் ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீ அப்ப சின்னப் பிள்ளை, உனக்கு மறந்து போச்சு" என்றார். அடுத்த கிழமை பக்கத்து ஊரான சரவணையில் ஒரு கலியாண வீட்டில் அதே கதையைக் கத்தியோடு சொல்லியிருக்கிறார்.

விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். ரயிலில் மாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பயணிகள் மட்டும் உள்ளே போகும் வாசலில் அப்பா பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது, மாமி குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய காதுக்குள் சொன்னேன்: "மாமி, நான்தான் குடுத்தனான்."

"தெரியும் குஞ்சு" என்றார். "அழாதை. அப்பாட்டைச் சொல்லாதை."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மாமிக்கு என்மேல் கோபமில்லை, அவர் பிளேனையும் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் வாசலுக்குள் போய் மறையும் வரை சந்தோஷமாகக் கை காட்டினேன். மாமி ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியும் என்றால் எப்போதிருந்து தெரியும் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.