வியாகுலம் அக்கா மிதித்த பிரேக்

ஆட்டைப் பார்க்கும் கண் என் அக்கா வியாகுலம்மாளுக்கு இருந்தது. வண்டி ஓட்டும் கால் அவள் புருஷன் சூசைமாணிக்கத்துக்கு இருந்தது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவர்கள் குடும்பம் இந்த இரண்டையும் நம்பித்தான் நடந்தது. வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போய் ஆடு பிடித்து வருவார்கள்; டவுனில் நாலைந்து கறிக்கடைகளுக்குக் கொடுப்பார்கள். பொம்பளை ஆட்டுச் சந்தைக்கு வருவதா என்று முகத்தைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதே ஆட்கள் பிறகு, "யக்கா, இந்தக் கெடாயச் செத்தப் பாரேன்" என்று அவள் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

சந்தைக்குக் கொண்டுவரும் முன்னால் ஆட்டுக்கு உப்பை நக்கக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டிவிடுகிற கில்லாடிகள் உண்டு. பார்வைக்கு ஆடு திமுதிமுவென்று இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை மூத்திரம் பெய்ததும் தோல் தொங்கிப்போகும். அக்காவிடம் அந்த வேலை நடக்காது. முதுகெலும்பின் மேல் இரண்டு விரலை ஓட்டுவாள், அடிவயிற்றை ஒரு தட்டுத் தட்டுவாள், அவ்வளவுதான். விலை பேசுவது மச்சான் வேலை. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அக்கா மச்சானுக்குப் பின்னால் நிற்பாள். அவர் சட்டையை ஒரு இழுப்பு இழுத்தால் இன்னும் ஏறலாம். இரண்டு இழுப்பு இழுத்தால் கையை எடுத்துவிட வேண்டும். மச்சானின் சட்டைகளெல்லாம் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும். தைத்துக் கொடுத்தவன் நான்தான். பார்க்கிறவர்கள் என் தையலைத்தான் குறை சொல்வார்கள்.

அவர்களுடைய பிக்கப் பழசு. எத்தனை கை மாறி வந்தது என்று மச்சானுக்கே தெரியாது. அதன் பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் பிடிக்காது. மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். அவர் கால் தூக்கத்தில்கூட அப்படித்தான் இரண்டிரண்டாக ஆடும் என்று அக்கா சொல்லுவாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, சந்தையிலிருந்து திரும்பும்போது ஒரு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. மச்சான் மிதித்தார். கால் கீழே தகரம் வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தார், அப்போதும் அதேதான். பின் சக்கரத்துக்குப் போகும் குழாய் எங்கேயோ விட்டுப்போய் பிரேக் ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. வண்டியை ஒடித்துப் பக்கத்துக் கடலைக்காட்டுக்குள் இறக்கினார். இருபது பாத்தி தாண்டி வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆடுகள் மட்டும் பின்கதவு திறந்துகொண்டதும் இறங்கி, கடலைச்செடியை நிம்மதியாக மேய ஆரம்பித்துவிட்டன. காட்டுக்காரர் வந்து கத்தியதும் மச்சான் அவர் காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசியதும் தனிக் கதை. அக்கா சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ரோட்டுக்கு ஏறி, டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மச்சான் குழாயை மாற்றினார். அக்கா வாசலில் நின்று கேட்டாள்:

"இப்ப இந்தக் கொழாய மாத்திட்டீக. நாளைக்கி வேற எடத்துல ஒழுகுனா?"

மச்சான் ரப்பர் வாஷர்களையும் மாற்றினார். அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். நாலு சக்கரத்துப் பிரேக்கையும் கழற்றிப் பூட்டினார். அதற்கும் அதே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அந்த வண்டியில் பிரேக் மிதியை அடுத்திருந்த, ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். அங்கிருந்து கிளம்பும் ஒரே வழியில்தான் நாலு சக்கரத்துக்கும் ஆயில் போகும். எந்த மூலையில் ஒழுகினாலும் நாலும் போச்சு.

ஆகவே அக்கா வண்டியில் ஏறவில்லை. திருச்சி பஸ்கள் அய்யலூரில் நிற்காது. நிற்கிற முதல் பஸ்ஸில் அவள் போய் இறங்குவதற்குள் நல்ல ஆடெல்லாம் கைமாறியிருக்கும். முன்சீட்டில் அவளுக்குப் பதிலாக என்னை ஏற்றினார் மச்சான். எனக்குத் தெரிந்தது துணி. சட்டையைப் பின்னால் இழுக்கிற வேலையை நானும் செய்தேன், ஆனால் எப்போது இழுப்பது என்று தெரிந்தால்தானே. உப்புத் தண்ணீர் குடித்த ஆடாகப் பார்த்து ஏற்றிவந்து, வீட்டில் அக்கா கையால் காபி வாங்கிக் குடிக்கவே கூச்சப்பட்டோம்.

வியாபாரம் படுத்தது ஒரு பக்கம். மச்சானுக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், வந்து போகிற சொந்தம், பக்கத்துச் சுவரோடு ஒட்டிய என் தையல் மெஷின் சத்தம். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசிக்கொண்ட இடம் அந்த வண்டியின் முன்சீட்டு ஒன்றுதான். அதை இழந்ததில் மனுஷன் ஆடிப்போய்விட்டார். ஒருநாள் வடமதுரை தாண்டும்போது என்னிடம், "ஒங்கிட்ட என்னத்தப் பேசுறது மாப்ள" என்று சொல்லிவிட்டு, அய்யலூர் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

திருச்சி ரோட்டில் பட்டறை வைத்திருந்த சடையாண்டிதான் வழி சொன்னான். புது மாடல் வண்டிகளில் வரும் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரை இதில் பூட்டலாம். ஒரு அறை முன் சக்கரங்களுக்கு, இன்னொன்று பின் சக்கரங்களுக்கு. ஒரு பக்கம் ஒழுகினால் மறுபக்கம் நிறுத்தும். ஆனால் அது அப்படியே உட்காராது. தாங்குகிற தகட்டை லேத்தில் புதிதாகக் கடைய வேண்டும், மிதியிலிருந்து வரும் கம்பியின் நீளத்தை மாற்ற வேண்டும், குழாயைப் பிரித்துத் தனித்தனியாக ஓட்ட வேண்டும். "நாலு நாள் வண்டி பட்டறையில நிக்கணும்ணே" என்றான். மச்சான் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

கடைசி நாள் நானும் போயிருந்தேன். சிலிண்டர் பூட்டியாயிற்று. குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் பிரேக்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன மூக்கைத் திறந்தால் ஆயிலோடு காற்றுக் குமிழி வரும். அவர் மூக்கை மூடுகிற வரைக்கும் மிதித்த காலை எடுக்கக் கூடாது; எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். சடையாண்டியின் ஆள் அன்று லீவு. என்னை ஆயில் ஊற்ற வைத்துவிட்டு, மச்சானை மிதிக்கச் சொன்னான்.

"மிதிங்கண்ணே. பிடிங்க."

மச்சான் மிதித்தார். மூக்கைத் திறந்ததும் மிதி கீழே இறங்கியது. உடனே அவர் கால் தானாகத் தூக்கி மறுபடி மிதித்தது. காற்று உள்ளே போய்விட்டது.

"அண்ணே, பிடிச்சிருங்கன்னு சொன்னேன்ல?"

"பிடிச்சிட்டுத்தானய்யா இருக்கேன்."

மறுபடியும் அதே கதை. அத்தனை வருஷம் இரண்டிரண்டாக மிதித்த கால். அது மச்சான் பேச்சைக் கேட்கவில்லை. நாலாவது தடவை சடையாண்டி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முகத்தில் தெறித்த ஆயிலைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. மெதுவா வாங்க" என்றான்.

அப்போதுதான் அக்கா சோறும் வெஞ்சனமும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தாள். செத்த நேரம் நின்று பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நான் மிதிக்கட்டுமா?"

சடையாண்டி மச்சானைப் பார்த்தான். மச்சான் என்னைப் பார்த்தார்.

"ஏறுவியா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலு சக்கரத்தையும் கழட்டி வச்சிருக்கீக. இது எங்க ஓடப்போகுது?" என்று சொல்லிவிட்டு, செருப்பை உதறி, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

பிடி என்றால் பிடித்தாள். விடு என்றால்தான் விட்டாள். சடையாண்டி இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தான். நாலாவது முடிந்ததும், "போதும்க்கா, எறங்குங்க" என்றான்.

"இல்ல தம்பி. கடைசியில எலவம்பஞ்சு மாதிரி செத்த அமுங்குது. எங்கயோ இருக்கு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பின் சக்கரத்துக்குப் போனான். வரிசையாக நாலைந்து குமிழி வந்தது. அவ்வளவு பயந்தவள் கால் பொய் சொல்லுமா? பிறகு மிதி கல்லுப்போல நின்றது.

அக்கா இறங்கவில்லை. தன் பழைய கேள்வியைக் கேட்டாள். "ஒரு பக்கம் ஒழுகுனா?"

சடையாண்டி பின் சக்கரத்து மூக்கை முழுக்கத் திறந்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டான். "இப்ப மிதிங்கக்கா."

அவள் மிதித்தாள். மிதி சரசரவென்று இறங்கியது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்தக் கேட் சாத்தியிருந்த நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது இருந்த முகம் அது. பாதிக்கு மேல் போனதும் மிதி நின்றுவிட்டது. அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். அது அசையவில்லை.

"முன்சக்கரம் ரெண்டும் பிடிச்சிருச்சுக்கா. வண்டி செத்தத் தள்ளிப் போயி நிக்கும். ஆனா நின்னுரும்."

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் அப்படியே நின்றது. அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு இறங்கி, "சோறு ஆறிருச்சு. கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். மறுபடி காற்று ஏறிவிட்டதே என்று சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தையும் அவளேதான் மிதித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை விடியுமுன் வழக்கம்போல முன்கதவைத் திறக்கப் போனேன். உள்ளே அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ பின்னாடி ஏறிக்க ஆனந்து" என்றாள். மச்சான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. முதல் திருப்பத்தில் பழக்கதோஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி அங்கேயே நின்றது, நான் கேபினில் போய் மோதினேன். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. என் நெற்றியைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அன்று சந்தையில் மச்சானின் சட்டையை அக்கா இரண்டே இடத்தில்தான் இரண்டு இழுப்பு இழுத்தாள். மற்றதெல்லாம் நல்ல ஆடு. பதினோரு உருப்படியோடு திரும்பினோம். வடமதுரையில் எப்போதும் நிறுத்துகிற டீக்கடையில் மச்சான் நிறுத்தவில்லை. நான் கேபினைத் தட்டினேன். அவர் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு ஹாரனும் அடிக்கவில்லை, லாரிகளைக்கூட முந்தவில்லை. மாட்டுவண்டி வேகத்தில் வருகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மேட்டுப்பட்டியில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. குதித்து இறங்கி முன்பக்கம் போனேன். அக்கா கதவில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பதினோரு ஆடும் கத்திக்கொண்டிருந்தன. ஆட்டை இறக்கப் பின்கதவுக் கொக்கியில் கை வைத்தேன். மச்சான் தலையை வெளியே நீட்டினார்.

"செத்த நேரம் இரு மாப்ள," என்றார் ரகசியமாக. "அவ எந்திரிக்கட்டும்."