பீரங்கிக்கு இரண்டு பேனர்

கடலூரில் பீரங்கி என்றதும் தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஞாபகம் வருகிறவர்கள் சரித்திரம் படித்தவர்கள். மற்றவர்களுக்குப் பீரங்கி என்றால் பொன்னுரங்கம்தான். முப்பது வருடமாகக் கட்சிச் சுவரொட்டிகளில் அவர் பெயருக்கு முன்னால் ‘பிரச்சாரப் பீரங்கி’ என்று போட்டே தீர வேண்டும். போட மறந்த ஓர் அச்சகத்தார் பிறகு தொழிலையே மாற்றிக்கொண்டார். மனைவி லோகநாயகி அதே சொல்லை அவருடைய குறட்டைக்கு வைத்துக்கொண்டாள். அவருக்கு அந்தச் சொல்லில் கடைசி ஆசை ஒன்றும் இருந்தது. பெரிய தலைவர்களைப் போலத் தன் இறுதி ஊர்வலம் பீரங்கி வண்டியில் போக வேண்டும். வார்டு உறுப்பினராகக்கூட ஆகாதவருக்கு ராணுவம் வண்டி அனுப்புமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் ஒன்றரை மணி நேரம் வரும்.

தையில் தொண்டை கட்டியது. பங்குனி வரை விடவில்லை. டாக்டர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வரும்வரை பேசினால் இருக்கிற குரலும் போய்விடும் என்றார். புதன்கிழமையோ சிதம்பரம் மேலவீதியில் பொதுக்கூட்டம்.

“ரிப்போர்ட்டு வியாழக்கெழமதான் வருமாம் மாமா. நானே போயி வாங்கியாரேன்” என்றான் லோகநாயகியின் தம்பி சபாபதி.

செவ்வாயன்று, கூட்டத்து பேனரில் தன் பட்டம் இருக்கிறதா என்று பார்க்கப் பொன்னுரங்கம் பிளெக்ஸ் கடைக்குப் போனார். டிசைன் போடும் சிந்துஜா கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினாள். இரண்டு பேனர்கள் வந்தன. முதலாவதில் பட்டம் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது: ‘பிரச்சாரப் பீரங்கி ஓய்ந்தது. கண்ணீர் அஞ்சலி.’ கீழே பிறந்த தேதி. அடுத்த தேதிக்கு இடம் விட்டிருந்தது.

“அது வேற ஆர்டர்ண்ணே” என்று சிந்துஜா மூடப் பார்த்தாள்.

“யாரு குடுத்தது?” என்று கேட்டார். டாக்டர் சொன்னபடி குரலை எழுப்பவில்லை; காற்றுதான் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சபாபதி அண்ணன். நேத்து வந்தாரு. கையில ஆஸ்பத்திரி கவரு வச்சிருந்தாரு. தேதி அப்புறமா சொல்றேன்னாரு.”

பொன்னுரங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்: ‘இந்தப் படத்தில் சிரிக்கிறேன். மைக் பிடித்த படம் போடவும்.’

மறுநாள் மேடையேறினார். இனி யாருக்காகக் குரலைச் சேமிப்பது? நாற்பது நிமிடம் எதிர்க்கட்சியைத் துளைத்தெடுத்தார். திடீரென்று சத்தம் நின்றது. உதடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“யோவ், சவுண்டு வையிய்யா” என்று மைக்செட்டுக்காரரைப் பார்த்துக் கூட்டம் கத்தியது. முன்வரிசையில் சபாபதி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.