தங்கம்மாவின் முதல் நிரை

ரிங்லெட் என்ற மலையூரில் கமருஸ்ஸமானின் சாப்பாட்டுக் கடைக்கு வியாழக்கிழமை காலையில் போனால் தங்கம்மாவையும் உமாதேவியையும் பார்க்கலாம். இருவருக்கும் எழுபது ஆகிறது. தங்கம்மா இரண்டு மாதம் மூத்தவள் என்பதை யாரிடமாவது சொல்லாமல் உமாதேவி எழுந்து போவதில்லை. ரொட்டி சானாய் வருவதற்குள் அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு நீலத் தகரப் பேனா டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதில் மூக்குக்கண்ணாடி இருப்பதாக நினைப்பார்கள். உள்ளே இருப்பது அட்ரினலின் மருந்து நிரப்பிய ஊசி. அது தங்கம்மாவுக்கானது. அவள் எங்காவது மறந்து வைத்துவிடுவாள் என்று உமாதேவி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த டப்பாவை முதலில் கொடுத்தவன் நான். ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்தகத்தில் 1974 முதல் 2010 வரை டிரஸ்ஸராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, என்னால் ஆகாததை லோரியில் ஏற்றித் தானா ராத்தா மருத்துவமனைக்கு அனுப்புவது, இவைதான் என் வேலை. தங்கம்மாவை ஆகாததில்தான் சேர்த்து அனுப்பினேன். திரும்பி வந்தாள்.

அவள் மலைக்கு வேலைக்கு வந்தது 1970-இல், பதினைந்து வயதில். நான் சேர்ந்தபோதே அவள் பெயர் தோட்டத்தில் தெரிந்த பெயர். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் அந்தக் களத்தில், பேசுகிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வரும். முகம் தெரியாத பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் கேட்பது தங்கம்மாவின் சிரிப்பு. இடுப்பில் நெகிழித் தாள், காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் இலை வெட்டும் கத்திரி. இயந்திரம் ஏற முடியாத செங்குத்தான சரிவுகளில் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து வெட்டிக்கொண்டே ஏறுவார்கள். முதல் நிரை பிடிக்கிறவள் வேகமாகப் போனால் எல்லோரும் வேகம். அவள் நின்றால் எல்லோரும் நிற்பார்கள். கங்காணி காளிமுத்து அந்த நிரையை முப்பது வருடம் தங்கம்மாவைத் தவிர வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. இரண்டாவது நிரையில் உமாதேவி. அவளுக்கு அதில் இருந்த வருத்தத்தை அவள் ஒரு நாளும் மறைத்ததில்லை.

"இவ விட்ட எலைய பின்னால வர்றவ பொறுக்கிட்டு வர்றா, இவளுக்குப் பேரு முதல் நெரை" என்பாள்.

"கண்ணு தெரியறவளுக்குத்தான்டி முதல் நெரை" என்று முன்னாலிருந்து பதில் வரும்.

தேயிலைச் செடிக்குள் குளவி கூடு கட்டும். கத்திரி பட்டால் கூட்டமாக எழும்பும். எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கூடு தெரிந்ததும் கங்காணி வேலையை நிறுத்தி, "கொட்டு வாங்கினவங்க முன்னால வா" என்பான். முன்பே குளவி கொட்டியவர்கள் சாக்கைக் கொளுத்திப் புகை காட்டிக் கூட்டை எடுப்பார்கள். ஒரு தடவை கொட்டு வாங்கிய உடம்பில் மருந்து ஏறிவிடும், அடுத்த தடவை விஷம் ஒன்றும் செய்யாது என்பது நம்பிக்கை. அம்மைக்கு ஊசி போடுவதைப் பார்த்தவர்கள். அதே கணக்கை இதற்கும் போட்டார்கள். தங்கம்மா வேலைக்கு வந்த வருடமே கொட்டு வாங்கியவள். சுண்ணாம்பு தடவினாள், சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்தது. அன்றிலிருந்து கூடு எடுப்பது அவள் வேலையானது. அவளுக்கு அதில் பெருமை.

பல வருடம் கழித்து இரண்டாம் தடவை கொட்டியபோது கை முழங்கை வரை வீங்கி, வடிய நாளாயிற்று. 2000-இல் மூன்றாம் தடவை. அன்று உடம்பெல்லாம் தடித்து, அரித்து, வாந்தியும் எடுத்தாள். மத்தியானம் தின்ற இறால் சம்பல்தான் காரணம் என்று அவளே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல், இறாலை விட்டுவிட்டாள். குளவியை விடவில்லை.

அடுத்த வருடம் செப்டம்பரில் அணைப்பக்கச் சரிவில் ஒரு கூடு. காளிமுத்து வழக்கம்போல் கூப்பிட்டான். தங்கம்மா புகைச் சாக்கோடு போனாள். கழுத்தில் இரண்டு கொட்டு. சுண்ணாம்பு கேட்டுக் கை நீட்டியவள், உள்ளங்கையைச் சொறிந்தாள். பிறகு உதடு தடித்தது. "தொண்டையில என்னமோ நிக்குது" என்றாள். குரல் ஆண்குரல் போல இருந்ததாம். அப்படியே செடிமேல் சாய்ந்தாள்.

இலை லோரியில், இலை மூட்டைகளின் மேல் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். தங்கம்மாவின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உமாதேவியின் மடியில் தலை இருந்ததால்தான் யாரென்று புரிந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. தொடையில் அட்ரினலின் போட்டு, அதே லோரியில் நானும் ஏறினேன். தானா ராத்தா போகும் வளைவுகளில் அவள் மூச்சின் விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உமாதேவி வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் சுஹைலா என்னையும் உமாதேவியையும் காளிமுத்துவையும் தங்கம்மாவின் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துப் பேசினார். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம். நன்றாகத் தமிழ் பேசுவார்.

"கொட்டு வாங்கினா ஒடம்பு ஞாபகம் வச்சிக்கும்னு நெனச்சீங்க. அது சரிதான். ஆனா எப்படி ஞாபகம் வைக்குதுன்றதுலதான் வித்தியாசம்."

தோட்டத்து ஜாகாவை, அந்தக் காவல்காரனை, உதாரணம் சொன்னார். நோய்க்கிருமி வந்தால் அவன் அதன் முகத்தை நினைவில் வைத்து, மறுபடி வரும்போது பிடித்து வெளியே தள்ளுகிறான். அம்மை ஊசி செய்வது அதுதான். சிலருடைய உடம்பில் மட்டும் ஜாகா சாதாரணக் கோழித் திருடனைக் கொலைகாரன் என்று எழுதி வைத்துக்கொள்கிறான். குளவி விஷத்துக்கென்றே ஒரு வகை எதிர்ப்பொருளை உடம்பு செய்கிறது. அது தோலுக்கடியிலும் மூச்சுக் குழாயிலும் குடலிலும் இருக்கிற சில செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே விஷம் வந்து அந்த எதிர்ப்பொருளில் மாட்டியதும், செல்கள் தம்மிடம் சேர்த்து வைத்த ஹிஸ்டமின் முதலிய பொருள்களை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக் குழாய் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் விழுகிறது.

"கோழித் திருடன் ஒருத்தன் வந்தான்னு ஜாகா லயத்து வீடுகளையே கொளுத்திட்டான். ஒங்களக் கொல்லப் பாத்தது குளவி இல்லம்மா. ஒங்க ஜாகா."

தங்கம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப எறாலு?"

"எறாலு என்ன பண்ணுச்சு?"

அவள் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குளவிதான் அன்றைக்கும் காரணமாக இருந்திருக்கும், எதற்கும் ஒரு சோதனை செய்துவிட்டு இறால் சாப்பிடலாம் என்றார்.

"ஒரு வருசமா வீண்பழி லா" என்றாள் உமாதேவி.

ஆனால் டாக்டர் கடைசியாகச் சொன்னதில் சிரிப்பு இல்லை. மறுபடி கொட்டினால் இதைவிட மோசமாக வரலாம். குளவி இருக்கும் இடத்தில் வேலை கூடாது.

துரை, எங்கள் மேனேஜர், அவளைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார். சம்பளம் குறையவில்லை, வெயில் மழை இல்லை. எல்லோரும் நல்ல இடம் என்றார்கள். தங்கம்மா பேசுவதை நிறுத்தினாள். பெரட்டுக் களத்தில் அந்தச் சிரிப்பு இல்லாமல் போனது எனக்கு மருந்தகத்துக்குள் இருந்தே தெரிந்தது. இன்றும் தேயிலை வாடும் வாசனை காற்றில் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, தொழிற்சாலை ஜன்னலில் சரிவைப் பார்த்து நின்ற அவள் முதுகுதான்.

தலைவலி மாத்திரைக்கென்று ஒரு நாள் வந்தவள், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஐயா, பெக்டரிக்கு எலை செத்துதான் வருது. நான் அதை உசுரோட பாத்தவ. எனக்கு மலைக்குப் போகணும்."

"உசிரு போயிடும், தங்கம்மா."

"இங்க மட்டும் என்ன பண்ணுதாம்?"

அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் கோபித்தார். பிறகு நிறைய நேரம் யோசித்து மூன்று நிபந்தனை வைத்தார். மருந்து நிரப்பிய ஊசி எப்போதும் அவள் இடுப்பில் இருக்க வேண்டும். அதைப் போடத் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். கூட்டுக்கு முன்னால் அவள் போகவே கூடாது. எல்லோரும் வெட்டிப் போன பிறகு கடைசி நிரையில்தான் வர வேண்டும்.

முதலிரண்டுக்கும் தங்கம்மா தலையாட்டினாள். மூன்றாவதைக் கேட்டதும் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். கடைசியில் "சரி" என்றாள்.

ஊசி போடக் கற்றுக்கொள்ளும்படி காளிமுத்துவைக் கூப்பிட்டேன். தொடையின் வெளிப்பக்கம் என்றதும் எழுந்துவிட்டான்.

"பொம்பளத் தொடையில நான் எப்படிங்கய்யா? என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா. அதுக்கு ஊசி இருக்கா?"

வாசலில் நின்ற உமாதேவி உள்ளே வந்தாள். "நான் குத்தறேன். முப்பது வருசமா இவளக் குத்தணும்னு ஆசை. இப்பத்தான் டாக்டரே பெர்மிட் குடுத்திருக்காங்க."

தக்காளியை வைத்துப் பழகினாள். பிறகு மடித்த சேலைத் துணியைத் தக்காளிமேல் போட்டுப் பழகினாள். நெகிழித் தாளை விலக்கிவிட்டுத் துணிக்கு மேலேயே நேராகக் குத்த வேண்டும். குத்தியபின் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும், உட்கார வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஊசியை அந்த நீலப் பேனா டப்பாவில் வைத்துக் கொடுத்தேன், குறித்த நாளில் நானே மாற்றுவேன். வெளிச்சம் பட்டு மருந்து நிறம் மாறினால் பயனில்லை.

தங்கம்மா மலைக்குத் திரும்பினாள். முதல் நிரை உமாதேவிக்குப் போனது, கூப்பிட்டால் கேட்கும் தூரம்தானே என்று விட்டுவிட்டோம். காளிமுத்துவும் வழக்கத்தை மாற்றினான். கூடு தெரிந்தால் இப்போது, "கொட்டு வாங்கினவங்க பின்னால போ" என்பான். கடைசி நிரையில் வெட்ட அதிகம் இருக்காது, பேச ஆளும் இருக்காது. இருந்தாலும் காலைப் பனிக்குள் சிரிப்பு திரும்பி வந்திருந்தது, கொஞ்சம் பின்னாலிருந்து.

2004 மார்ச்சில் அது நடந்தது. நான் அங்கே இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் எழுதுகிறேன். கத்திரியோடு இணைந்த தட்டிலிருந்த இலையைத் தங்கம்மா மூட்டையில் கொட்டியபோது, இலைக்குள் இருந்த ஒற்றைக் குளவி மணிக்கட்டில் கொட்டியது. அவள் உடனே டப்பாவைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற காளிமுத்துவிடம் நீட்டிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள். காளிமுத்து டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்து உமாதேவியின் பெயரைக் கத்தினான். அவள் சரிவின் உச்சியில் இருந்தாள். நிரையைச் சுற்றி வராமல் செடிகளின் மேலேயே விழுந்து எழுந்து இறங்கினாள். வந்து சேர்ந்தபோது கால் முழுக்கச் சிராய்ப்பு. ஊசியைக் கையில் வாங்கியும் குத்தாமல் தங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

தங்கம்மாவின் உதடு தடிக்கத் தொடங்கியிருந்தது. தானே நெகிழித் தாளை விலக்கி, தொடையைத் தொட்டுக் காட்டினாள்.

"குத்துடி. இத்தன வருச ஆசை" என்றாள்.

உமாதேவி குத்தினாள். லோரியோடு நான் போனபோது தங்கம்மா படுத்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உமாதேவி அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தாள், திட்டாமல். வாழ்க்கையில் ஒரே முறை.

அதற்குப் பிறகும் தங்கம்மா ஆறு வருடம் மலையில் இருந்தாள், கடைசி நிரையிலேயே. ஒரு முறைகூட முதல் நிரையைக் கேட்கவில்லை. 2010 டிசம்பரில் அவளுக்கு ஓய்வு. எனக்கும் அதே மாதம். அவளுடைய கடைசி நாளுக்கு முந்தைய நாள் வேலை முடிந்தபின், காளிமுத்துவும் உமாதேவியும் நீண்ட மூங்கில் கழிகளோடு சரிவில் ஏறுவதைப் பார்த்தேன். ஒரே ஒரு நிரையில் அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு செடியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பெரட்டில் காளிமுத்து பெயர் கூப்பிட்டான். "தங்கம்மா, முதல் நெரை."

அவள் உமாதேவியைப் பார்த்தாள். உமாதேவி எங்கோ பார்த்தாள். "போ. நேத்தே பாத்தாச்சு. ஒன் ஜாகாவுக்கு இன்னிக்கு லீவு."

தங்கம்மா இடுப்பு டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கத்திரியைத் தூக்கினாள். பனி விலகும்போது அவள் பாதிச் சரிவு ஏறியிருந்தாள். மற்றவர்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். உச்சியில் போய் நின்று திரும்பி, தான் வந்த நிரை முழுவதையும் மேலிருந்து கீழே பார்த்தாள். கீழே மருந்தக வாசல் வரை அந்தக் குரல் கேட்டது.

"உமா, இத்தன வருசமா இந்த நெரையில நீ எவ்ளோ எலைய விட்டு வச்சிருக்கடி."