தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்வதுதான் முறை. நீட்டி முழக்கினால் அவருக்கே பிடிக்காது.

அம்மா வெயிலை விரட்டப் படித்தவர். பிறந்த ஊரில் அவர் ஆர்க்கிடெக்ட். அவர் கட்டிய வீடுகளில் தெற்கும் மேற்கும் முழுச் சுவர். பெரிய ஜன்னல்கள் எல்லாம் வடக்கே. உச்சி வெயிலில் உள்ளே நுழைந்தவர்கள் "அப்பாடா" என்று உட்காருவார்கள். சம்பளத்தைவிட அந்த "அப்பாடா" அவருக்குப் பெரிது.

அப்பாவுக்கு வேலை கிடைத்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபோது அம்மாவின் பட்டத்தை யாரும் சட்டை செய்யவில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட இங்கே தனி உரிமம் வேண்டும். அதற்குப் பாதிப் பாடத்தைத் திரும்பப் படித்து, எழுத்துத் தேர்வில் தேறி, கடைசியில் சொந்தமாக வரைந்த ஒரு கட்டடத்தை நடுவர்கள் முன் வைத்துப் பேச வேண்டும். உரிமம் இல்லாதவர் அடுத்தவருக்கு வரைந்து கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அம்மா ஓர் அலுவலகத்தில் அப்படி வரைந்து கொடுத்தார். பெரும்பாலும் கழிவறைகள். தான் வரைந்த இடத்தில்தான் ஊரில் பாதிப் பேர் தினமும் உட்காருகிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மாலையில் கல்லூரி. கூடப் படித்த சின்ன வயதுக்காரர்கள் அவரை "டீச்சர்" என்றார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

எழுத்துத் தேர்வில் ஒரே மூச்சில் தேறினார். எந்த மாதம் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற கணக்கில் முழு மதிப்பெண். கை மட்டும் பழைய ஊரிலேயே இருந்தது. நேர்முகத்துக்கு அவர் கொண்டுபோனது ஒரு வயதான தம்பதிக்கான வீடு. கூடத்தை ஏன் வடக்கே வைத்தீர்கள் என்று தலைமை நடுவர் கேட்டார். வெயில் படாமலிருக்க என்றார் அம்மா, பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நடுவர் அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. இங்கே மக்கள் வருடத்தில் பாதி நாள் அந்த வெயிலுக்குத்தான் காத்துக் கிடக்கிறார்கள் என்றார்.

தேறவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அதுவும் போனால் எல்லாம் முதலிலிருந்து.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "விட்டுடும்மா. வேலை இருக்கு, நாமும் நல்லாத்தான் இருக்கோம். எதுக்கு இந்தத் தலைவலி?"

"கையெழுத்துப் போடாம விட்டா நான் வெறும் கோடு போட்டவ. கட்டடம் சாஞ்சா என்னை யாரும் கேக்கக்கூட மாட்டாங்க. என்னைக் கேக்கணும்."

சொல்லிவிட்டு எழுந்தவர் கண்ணில் தெற்கு ஜன்னல் பட்டது. குடிவந்த அன்றே தன் கையால் தைத்த கனத்த திரை. இத்தனை குளிர்காலமும் குடும்பம் அதை இழுத்து மூடிவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஹீட்டரைச் சுற்றிக் குந்தியிருந்தது. யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அம்மா திரையைக் கழற்றினார்.

"டிவியே தெரியல" என்றார் அப்பா.

"வெயில் தெரியுதுல்ல? அதைப் பாருங்க."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு கிழித்தார். கோட்டை மிதித்த பிள்ளைகளுக்குத் திட்டு விழுந்தது. கடுங்குளிரில் வெயில் எதிர்ச் சுவர்வரை நீண்டது; கோடையில் ஜன்னலடியிலேயே நின்றுவிட்டது. இதெல்லாம் அவர் தேர்வில் எழுதியதுதான். ஆனாலும் நாற்காலியை அந்த வெயிலில் போட்டு, முதுகில் சூடு ஏற உட்கார்ந்து பழகினார். முதலில் உடம்பு தானாக நகர்ந்தது. பிடிவாதமாகத் திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மறுவருடமும் அதே தலைமை நடுவர். இந்த முறை அம்மா வரைந்த வீட்டில் தெற்குப் பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. கோடையில் உள்ளே இருப்பவர்கள் வெந்துவிட மாட்டார்களா என்றார் அவர். அம்மா ஜன்னலுக்கு மேல் நீண்ட கூரை விளிம்பைக் காட்டினார். உயரத்தில் நிற்கும் கோடைச் சூரியனை அது தடுக்கும். தாழ்ந்து வரும் குளிர்காலச் சூரியனை விட்டுவிடும். வெயிலைத் தடுப்பது எனக்குப் பழைய வேலை, விடுவதைத்தான் புதிதாகக் கற்றேன் என்றார். தேறினார்.

உரிமம் வந்த வாரமே, அலுவலகத் தலைவர் தான் வரைந்த ஒரு சிறிய மருத்துவமனைப் படத்தை அம்மா மேசையில் வைத்தார். இனி நீங்களே போடுங்கள் என்று பேனாவையும் நீட்டினார். சக ஊழியர்கள் கைதட்டத் தயாராகச் சுற்றி நின்றார்கள். அம்மா பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டு, படத்தை நிதானமாகப் படித்தார். நோயாளிகள் காத்திருக்கும் கூடம் வடக்கே இருந்தது. கார் நிறுத்துமிடம் தெற்கே.

இரண்டையும் இடம் மாற்ற வேண்டும், மாற்றிய பிறகுதான் கையெழுத்து என்றார். தலைவர் முகம் சுருங்கியது. வாடிக்கையாளர் நாளைக் காலையில் வருகிறார் என்றார். வரட்டும், நானே பேசுகிறேன் என்றார் அம்மா.

பேசினார். மாற்றினார்கள். கையெழுத்துப் போட்டார்.